புதைத்த கரிக்கு யார் பொறுப்பு?

மண்ணுக்கடியில் கிடப்பதை எடுப்பதற்காகவே மனித குலம் சட்டங்களை வகுத்து வந்துள்ளது. பொன்னும் ஈயமும் நிலக்கரியும் எண்ணெயும் யாருக்கு உரியவை, எங்கே தோண்டலாம், அரசுக்கு எத்தனை பங்கு செலுத்த வேண்டும் என்பனவற்றை நாடுகள் நெடுங்காலமாக விவாதித்து எழுதி வைத்துள்ளன. புதையலுக்குக்கூடச் சட்டம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் 1878ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் புதையலைப் புதைத்தவன் என்றேனும் ஒரு நாள் தோண்டி எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடுதான் புதைத்தான். மீண்டும் எடுக்கவே கூடாது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் கிடக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு ஒரு பொருளைப் பாறைக்குள் வைப்பது சட்டத்துக்குப் புதிய செய்தி. கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைக்கும் தொழில் அத்தகையது.

கார்பன் டை ஆக்சைடு என்று அறிவியலார் வழங்கும் இவ்வாயுவை மின் நிலையத்தின் புகையிலிருந்தோ, சிமெண்டு ஆலையிலிருந்தோ, கிணற்றிலிருந்து வரும் எரிவாயுவிலிருந்தோ தனியே பிரிக்கிறார்கள். பின்னர் அதை அழுத்திக் குழாய் வழியாகவோ கப்பல் வழியாகவோ கொண்டு சென்று, ஆழ்துளைக் கிணற்றின் மூலம் நுண்துளைகள் நிறைந்த பாறைக்குள் செலுத்துகிறார்கள். ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே, அங்குள்ள அழுத்தத்தால் வாயு நீர்மத்தைப் போல் அடர்ந்து சிறிய இடத்தில் அடங்கிவிடும். மேலே இறுகிய களிப்பாறை மூடி போல் நின்று தடுக்கும். காலப்போக்கில் வாயுவின் ஒரு பகுதி பாறையிடுக்கிலுள்ள உப்புநீரில் கரையும். மிக நெடிய காலத்தில் ஒரு பகுதி கனிமமாகவும் மாறும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஆபத்து குறையும் என்பது நிலவியலார் கூற்று. ஆனால் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கக்கூடிய நிறுவனம் எது? அந்நிறுவனம் மறைந்த பின்னர் கசிவு ஏற்பட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? இத்தொழிலைக் குறித்த சட்டங்களின் வரலாறு முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது எனலாம்.

வரலாறு வடகடலில் தொடங்குகிறது. நார்வே அரசு 1991ஆம் ஆண்டில் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. அப்பொழுது ஸ்டாட்டாயில் என்னும் பெயரில் இயங்கிய, 2018 முதல் ஈக்வினோர் என்று வழங்கப்படுகின்ற நிறுவனம் ஸ்லெய்ப்னர் என்னும் கடல் வயலில் எரிவாயு எடுக்க முற்பட்டிருந்தது. அங்குக் கிடைத்த எரிவாயுவில் ஏறத்தாழ 9 விழுக்காடு கரியமில வாயு கலந்திருந்தது, விற்பனைக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது. எனவே எப்படியும் அதைப் பிரித்தே ஆகவேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால் டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 50 அமெரிக்க டாலர் வரி. கடலடியில் உட்சிரா என்னும் மணற்பாறைக்குள் செலுத்தினால் செலவு அதனினும் குறைவு. 1996ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பணி தொடங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் டன் வீதம் அங்குச் செலுத்தப்பட்டு வந்தது. உலகில் பெருமளவில் நிகழ்ந்த முதல் முயற்சிக்கு வழி திறந்தது ஒரு வரிச் சட்டமே. இயற்கை மீதுள்ள பரிவு மட்டுமே காரணம் என்று எண்ணுவோர் அவ்வரியின் அளவை மீண்டும் ஒரு முறை நோக்குவது நன்று.

அக்காலத்தில் கரியைப் புதைப்பதற்கென்று நார்வேயில் தனிச் சட்டம் கிடையாது. எண்ணெய் எடுப்பதற்கான சட்டத்தின் நிழலிலேயே அப்பணி நடந்தது. எடுப்பதற்கு எழுதிய சட்டத்தை வைப்பதற்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். சேமிப்புக்கெனத் தனி விதிகள் அங்கு 2014ஆம் ஆண்டில்தான் வந்தன.

ஸ்லெய்ப்னரில் பணி தொடங்கிய அதே பருவத்தில், 1996 நவம்பர் 7ஆம் நாள், இலண்டன் நெறிமுறை என்னும் பன்னாட்டு ஒப்பந்தம் நிறைவேறியது. இதன் முன்னோடி 1972ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கை. கழிவுகளைக் கப்பலில் ஏற்றிச் சென்று நடுக்கடலில் கொட்டுவதைத் தடுக்கவே அது எழுந்தது. பழைய உடன்படிக்கையில் இன்னின்ன பொருள்களைக் கொட்டலாகாது என்று பட்டியல் இருந்தது. பட்டியலில் இல்லாதவற்றை அனுமதி பெற்றுக் கொட்டலாம். புதிய நெறிமுறை இதைத் தலைகீழாக மாற்றியது. எதையும் கொட்டலாகாது, பட்டியலில் உள்ள சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. கரியமில வாயு அப்பட்டியலில் இல்லை. மேலும் பழைய உடன்படிக்கையில் 'கடல்' என்றால் கடல்நீர் மட்டுமே. புதிய நெறிமுறையிலோ கடலின் தரையும் அத்தரைக்கு அடியிலுள்ள மண்ணும் 'கடல்' என்பதனுள் அடங்கின. இவ்விரண்டு மாற்றங்களும் சேர்ந்து, கடலடிப் பாறையில் கரியைப் புதைப்பதைத் தடைசெய்துவிட்டன. ஒப்பந்தத்தை எழுதியவர்களின் கருத்தில் இருந்தவை நச்சுக் கழிவுகளும் கதிரியக்கக் கழிவுகளுமே, ஸ்லெய்ப்னர் அன்று.

அப்படியானால் ஸ்லெய்ப்னர் சட்டத்துக்குப் புறம்பாயிற்றா என்றால், இல்லை. கடலடிக் கனிமங்களை எடுத்து அங்கேயே பதப்படுத்துவதனால் உண்டாகும் கழிவுகளுக்கு அந்நெறிமுறை பொருந்தாது என்று ஒரு விதி இருந்தது. எரிவாயுவோடு கிணற்றிலிருந்து வந்த கரியை அதே கடலில் அடைத்தால் குற்றமில்லை. ஆனால் கரையிலுள்ள சிமெண்டு ஆலையின் கரியைக் கப்பலில் கொண்டு வந்து அதே பாறையில், அதே ஆழத்தில் அடைத்தால் அது விலக்கப்பட்ட செயல். கரையிலிருந்து குழாய் வழியாக அனுப்பினாலோ, கப்பலிலிருந்தோ கடல்மேடையிலிருந்தோ கொட்டப்படவில்லை ஆகையால், அது வேறு கணக்கு. பாறைக்கு இவ்வேறுபாடுகள் எதுவும் தெரியாது. வழக்கறிஞர்களுக்கு மட்டுமே தெரிந்த வேறுபாடுகள் இவை.

இச்சிக்கல் எவ்வளவு கூர்மையானது என்பதை 2002ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சி காட்டியது. பல நாடுகளின் அறிவியலார் கூடிச் சில டன் கரியமில வாயுவை ஆழ்கடல் நீரில் நேரடியாகக் கலந்து ஆராய விரும்பினர். முதலில் ஹவாய்த் தீவின் கோனாக் கரையோரம் நடத்த எண்ணினர். அங்குள்ள மக்கள் எதிர்த்தனர். பின்னர் நார்வேக் கடலுக்கு மாற்றினர். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் அனுமதி வழங்கிவிட்டது. ஆனால் சுற்றுச்சூழல் அமைச்சர் பொர்கெ பிரெண்டெ அதை இரத்துச் செய்தார். கடல் காப்பு ஒப்பந்தங்களுக்கு முரணாகலாம் என்பது அவர் முன்வைத்த காரணங்களுள் ஒன்று. அதே நாட்டின் கடலடிப் பாறையில் ஆண்டுதோறும் ஒரு மில்லியன் டன் இறங்கிக்கொண்டிருக்க, கடல்நீரில் சில டன்னுக்கு இடமில்லாமற்போயிற்று. இதில் முரண் இருப்பதாகச் சிலர் நகைத்தனர். எனினும் நீரில் கரைப்பதும் பாறையில் அடைப்பதும் ஒன்றல்ல என்னும் தெளிவு சட்டத்துக்குள் வந்து சேர இந்நிகழ்ச்சி துணை புரிந்தது. வடகிழக்கு அட்லாண்டிக் கடலுக்குரிய ஓஸ்பார் உடன்படிக்கை 2007ஆம் ஆண்டில் நீரில் கரைப்பதை வெளிப்படையாகவே தடைசெய்து, பாறையில் அடைப்பதற்கு மட்டும் இடமளித்தது.

இலண்டன் நெறிமுறையும் திருத்தப்பட்டது. அது 2006 மார்ச்சு மாதம் நடைமுறைக்கு வந்தது. நவம்பரிலேயே கரியமில வாயு விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பன்னாட்டுச் சட்ட உலகில் இது மின்னல் வேகம். நிபந்தனைகள் மூன்று விதிக்கப்பட்டன. கடலடிப் பாறைக்குள்ளேயே செலுத்த வேண்டும். செலுத்துவது பெரும்பாலும் கரியமில வாயுவாகவே இருக்க வேண்டும். கழித்துக் கட்டும் நோக்கத்தோடு வேறு கழிவுகளை அதில் கலக்கலாகாது. இரண்டாம் நிபந்தனையில் 'பெரும்பாலும்' என்பதற்கு எண் ஏதும் குறிக்கப்படவில்லை. ஆலைக்கு ஆலை வாயுவின் தூய்மை மாறுபடும் ஆதலால் எண்ணைக் குறிக்காமல் விட்டது விவேகமே என்று வாதிடலாம். பிற்காலத் தகராறுகளுக்கு வித்து அங்கே இடப்பட்டது என்றும் வாதிடலாம்.

ஒரு கதவு திறந்ததும் அடுத்த கதவு பூட்டியிருப்பது தெரிந்தது. கழிவுகளைக் கடலில் கொட்டுவதற்காக வேறொரு நாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாகாது என்று நெறிமுறையின் ஆறாம் விதி கூறிற்று. செல்வ நாடுகள் தங்கள் குப்பையை ஏழை நாடுகளின் கரையில் தள்ளிவிடக் கூடாது என்னும் நல்லெண்ணத்தில் எழுந்த விதி அது. அதன் விளைவாக, பாறை வளம் இல்லாத நாடு தன் கரியை அண்டை நாட்டின் கடலடியில் வைக்க இயலாமற்போயிற்று. 2009ஆம் ஆண்டில் இதற்குத் திருத்தம் நிறைவேறியது. ஆனால் உறுப்பு நாடுகளில் மூன்றில் இரு பங்கு ஏற்றால்தான் திருத்தம் உயிர் பெறும். பத்தாண்டுகள் கழிந்தும் ஏற்ற நாடுகள் மிகச் சிலவே. எதிர்ப்பினால் அன்று, பெரும்பாலும் அசிரத்தையினால். இறுதியில் 2019ஆம் ஆண்டு நார்வேயும் நெதர்லாந்தும் ஒரு வழி கண்டன. திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை, விரும்பும் நாடுகள் அறிவிப்புக் கொடுத்து அதனைத் தற்காலிகமாகப் பின்பற்றலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. அந்தத் தற்காலிக ஏற்பாட்டின் பலத்தில்தான் எல்லை கடக்கும் கரிக் கப்பல்களுக்கு ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. ஆயிரம் ஆண்டு நிலைக்க வேண்டிய பொருளுக்குத் தற்காலிகச் சட்டம்!

இனி நெதர்லாந்தின் பாரெண்ட்ரெக்ட் என்னும் சிறு நகரத்துக்கு வருவோம். ரோட்டர்டாம் துறைமுகத்தின் அருகே நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் ஊர் அது. ஊருக்கு அடியில் எரிவாயு எடுத்து வற்றிக்கொண்டிருந்த இரண்டு வயல்கள் இருந்தன. பெர்னிஸ் என்னுமிடத்திலுள்ள ஷெல் சுத்திகரிப்பு ஆலையின் கரியை அவ்வயல்களில் நிரப்பத் திட்டம் உருவாயிற்று. சுற்றுச்சூழல் ஆய்வு சாதகமாக அமைந்தது. எரிவாயுவைப் பல மில்லியன் ஆண்டுகள் அடக்கி வைத்த பாறை கரியையும் அடக்கும் என்பது வல்லுநர் வாதம். மக்கள் கேட்ட கேள்விகள் வேறு. வடகடலில் வெறும் வயல்கள் இருக்கும்போது மக்கள் உறங்கும் படுக்கைக்கு அடியில் ஏன்? வீட்டு விலை வீழ்ந்தால் ஈடு செய்பவர் யார்? நிறுவனம் போன பின்னர் எங்கள் பேரப்பிள்ளைகள் யாரிடம் முறையிடுவார்கள்? 1986ஆம் ஆண்டில் கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரியிலிருந்து இயற்கையாக வெளிப்பட்ட கரியமில வாயு ஏறத்தாழ 1,700 பேரை மூச்சடைக்கச் செய்து கொன்ற செய்தியும் மக்கள் நினைவில் இருந்தது. ஏரியின் நீரில் திரண்டு திடீரெனப் பொங்கியதும் பாறையின் ஆழத்தில் அடைபட்டிருப்பதும் ஒன்றல்ல. ஆனால் அச்சத்துக்கு நிலவியல் பாடம் மருந்தாவதில்லை.

நகர மன்றம் எதிர்த்தது. 2009 நவம்பரில் நாட்டின் அரசு மீறி ஒப்புதல் அளித்தது. அமைச்சர்கள் இருவர் ஊருக்கே வந்து விளக்க முயன்றபோது கூட்டம் கொதித்தது. ஓராண்டு கழித்து, 2010 நவம்பரில், புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டது. உள்ளூர் மக்களின் ஆதரவு இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. சட்டப்படி அரசுக்கு அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரம் போதவில்லை. பின்னர் அந்நாடு கடலை நோக்கித் திரும்பியது. ரோட்டர்டாம் துறைமுகக் கரியை வடகடல் வயலுக்கு அனுப்பும் போர்த்தோஸ் என்னும் திட்டமும் நீதிமன்றப் படியேறியது. அங்கே வழக்குப் பொருளானது கரியன்று, கட்டுமானப் பணியின்போது வெளிப்படும் நைட்ரசன்! 2022 நவம்பரில் கட்டுமானத்துக்கான விலக்கு செல்லாது என்று தீர்ப்பு. 2023 ஆகஸ்டில் திட்டத்துக்குத் தடையில்லை என்று இறுதித் தீர்ப்பு. ஒரு மாசைத் தடுக்கும் சட்டம் இன்னொரு மாசைத் தடுக்கும் பணியை நிறுத்தி வைத்த கதை இது.

பாரெண்ட்ரெக்ட் மக்கள் கேட்ட கடைசிக் கேள்விக்குச் சட்டங்கள் அளித்த விடைகள் பலதரப்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டளைப்படி, கிணற்றை மூடிய பின்னர் பொதுவாக 20 ஆண்டுகளுக்குக் குறையாமல் நிறுவனமே காவல் இருக்க வேண்டும். கரி முற்றாகவும் நிலையாகவும் அடைபட்டிருப்பதாகச் சான்றுகள் காட்டினால், அதன்பின் பொறுப்பு அரசுக்கு மாறும். கைமாறும்போது குறைந்தது 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவுக்குரிய தொகையை நிறுவனம் செலுத்திவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் கூட்டரசுக் கடற்பகுதிச் சட்டம் குறைந்தது 15 ஆண்டுகள் என்றது. அமெரிக்க சுற்றுச்சூழல் நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு விதிகள் 50 ஆண்டுகளை இயல்பான அளவாகக் கொண்டன. பாறையின் இயல்பு நாட்டுக்கு நாடு இவ்வாறு மாறுவதில்லை. இவ்வெண்களில் நிலவியல் கணக்கைவிட முதலீட்டாளருக்கும் அரசுக்கும் இடையே நடந்த பேரத்தின் சாயலே மிகுதியாகத் தெரிகிறது. காலம் நீண்டால் முதலீடு வராது. குறைந்தால் சுமை வரி செலுத்தும் மக்கள்மேல் விழும்.

அந்தச் சுமை கற்பனையன்று. நார்வேயின் ஸ்னோவிட் வயலில் 2008இல் தொடங்கிய பணியில், பாறையின் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட விரைவாக உயர்ந்ததால் 2011இல் வேறு பாறை அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று. கசிவு இல்லை, ஆயினும் ஆய்வுக் கணக்கு பிழைபடக்கூடும் என்பதற்கு அது சான்று. ஒரு முறை கொடுத்த அனுமதியோடு சட்டம் கண்மூடிவிட முடியாது.

மலேசியாவில் இவ்விவகாரம் தாளில் மட்டும் இல்லை. சரவாக் கரைக்கு அப்பால் உள்ள கசாவாரி வயலின் எரிவாயுவிலும் கரி மிகுதி. அதைப் பிரித்து ஆண்டுக்கு 3.3 மில்லியன் டன் அளவுக்குக் கடலடியில் அடைக்கும் திட்டத்துக்குப் பெட்ரோனாஸ் 2022ஆம் ஆண்டின் இறுதியில் முதலீட்டு முடிவு எடுத்தது. 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நாட்டின் பெட்ரோலியத்தை அந்நிறுவனத்துக்கு உரிமையாக்கியது. ஆனால் பெட்ரோலியம் தீர்ந்த பின்னர் எஞ்சும் வெற்றுப் பாறையிடுக்கு யாருடையது? பொருளுக்கு உரியவன் பாத்திரத்துக்கும் உரியவனா? 1974இல் இக்கேள்வி எழ வேண்டிய தேவையே இருக்கவில்லை. சரவாக் மாநிலம் தனது நிலச் சட்டத்தின்கீழ் 2022ஆம் ஆண்டில் கரிச் சேமிப்புக்கெனத் தனி விதிகளை இயற்றிக்கொண்டது. கூட்டரசு 2025 மார்ச்சு மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிய கரி பிடிப்பு, பயன்பாடு, சேமிப்புச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் மட்டுமே உரியது. சபாவும் சரவாக்கும் அதில் அடங்கவில்லை. ஒரே நாட்டில், ஒரே தொழிலுக்கு, கடலுக்குக் கடல் வெவ்வேறு சட்டம். எண்ணெய் உரிமை குறித்துச் சரவாக்குக்கும் கூட்டரசுக்கும் நெடுநாளாக நிலவும் பிணக்கின் நிழல் இதன்மேல் படிந்திருப்பதை எவரும் காணலாம்.

அச்சட்டம் வெளிநாட்டுக் கரியையும் நிலையாகச் சேமிப்பதற்காக இறக்குமதி செய்ய இடம் தருகிறது. மூடிய கிணறுகளைப் பிற்காலத்தில் கண்காணிக்க ஒரு நிதியமும் அதில் உண்டு. மசோதா விரைந்து நிறைவேறுவதைச் சாஹபாட் ஆலாம் மலேசியா போன்ற இயக்கங்கள் கண்டித்தன. அயலார் கரிக்கு மலேசியா குப்பைத் தொட்டியாகிவிடக் கூடாது என்றன. இதை வெறும் உணர்ச்சிப் பேச்சு என ஒதுக்குவதற்கில்லை. 2018இல் சீனா கதவை மூடிய பின்னர் நெகிழிக் குப்பை மலேசியத் துறைமுகங்களில் வந்து குவிந்ததையும், அடுத்த ஆண்டுகளில் அரசு கொள்கலன் கொள்கலனாக அதைத் திருப்பி அனுப்பியதையும் மக்கள் மறக்கவில்லை. கொள்கலனைத் திருப்பி அனுப்பலாம். பாறைக்குள் சென்ற வாயுவைத் திருப்பி அனுப்ப இயலாது.

இதனினும் பழைய நினைவு ஒன்று பேராக் மாநிலத்தில் உண்டு. ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் இயங்கிய அரிய மண் ஆலையின் கதிரியக்கக் கழிவை எங்கே புதைப்பது என்பதில் 1984ஆம் ஆண்டு பாப்பான் மக்கள் தெருவுக்கு வந்தனர். 1992இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவைத் துப்புரவு செய்து கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கும் பணி அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் நீடித்தது. கரியமில வாயு கதிரியக்கப் பொருளன்று. இரண்டையும் ஒன்றாக்குவது அறிவுக்குப் பொருந்தாது. ஆனால் ஆலை மூடிய பின்னரும் பொறுப்பு மூடுவதில்லை என்பதைப் பேராக் மக்களுக்கு ஐரோப்பாவிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

அண்டை நாடுகளும் வாளாவிருக்கவில்லை. சிங்கப்பூர் 2019 முதல் கரி வரி விதித்து வருகிறது. ஆனால் தன் கரியைப் புதைக்க ஏற்ற பாறை அத்தீவில் இல்லை. இந்தோனேசியாவில் வற்றிய வயல்கள் பல. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டின் அதிபர் வெளியிட்ட ஆணை, சேமிப்பிடத்தின் 70 விழுக்காட்டை உள்நாட்டுக் கரிக்கு ஒதுக்கி, 30 விழுக்காட்டை மட்டும் வெளிநாட்டுக்குத் திறந்துவிட்டது. வரி விதித்த நாட்டில் பாறை இல்லை; பாறை உள்ள நாடு எல்லை வகுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே கப்பல் செல்லுமானால், இலண்டன் நெறிமுறையின் திருத்தம் வேண்டும் ஒன்றை அவ்வொப்பந்தங்களிலும் எழுதிக்கொள்வது நலம். அதாவது, அனுமதி வழங்கும் பொறுப்பு எந்த நாட்டினது, காவல் எந்த நாட்டினது என்பதை இரு நாடுகளும் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். பெறும் நாடு நெறிமுறையில் உறுப்பினராக இல்லாவிடில், அதற்கு இணையான பாதுகாப்பு விதிகள் குறைந்த அளவாக உடன்பாட்டில் இடம்பெற வேண்டும். நடுவழியில் கப்பலிலிருந்து கசிந்தால் எந்த நாட்டு வரிக் கணக்கில் அதைச் சேர்ப்பது, நூறாண்டு கழித்துப் பாறையிலிருந்து கசிந்தால் எந்த நாட்டுக் கருவூலத்தைத் தட்டுவது என்பனவும் அந்தத் தாளிலேயே தீர்க்கப்பட வேண்டியவை. முதற்கப்பல் நங்கூரம் தூக்குவதற்கு முன்னர் அத்தாளில் மை உலர்ந்திருக்க வேண்டும்.